கை இறங்காத கேள்வி

1

கொழும்பிலிருந்து என்னை அழைப்பவர்கள் இப்போது குறைவு. அழைக்கிற சிலரும் அங்கே என்ன நேரம், மழையா பனியா என்று விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவார்கள். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அழைத்தவர் நேரத்தைக் கேட்கவில்லை. பாடலைக் கேட்டார்.

"அங்கிள், நான் துஷ்யந்தன். வெள்ளவத்தையில உங்கட பழைய லேன்தான். அப்பா உங்களோட படிச்சவர். நான் இப்ப புதுக்கடைக் கோட்டில சட்டத்தரணி."

நோர்வேயின் பேர்கன் நகரில், வழக்கம்போல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல் அது. மகள் ஆரணி மதியம் சாப்பிட வருவாள் என்பதால் பருப்பை ஊறப்போட்டிருந்தேன். தகப்பனின் சுகத்தை விசாரித்தேன். நன்றாக இருக்கிறார் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார்.

"அன்ரியின்ர பாட்டு ஒண்டு இருக்குதெல்லோ, காலிமுகத்திடலில எல்லாரும் பாடினது. அதை இந்த முறை எங்கட கட்சி தேர்தல் பாட்டா எடுக்கப் போகுது. சம்மதக் கடிதம் ஒண்டு வேணும். நான் எழுதி அனுப்புறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ."

"பாட்டை ஏற்கனவே பதிஞ்சிட்டீங்களோ?"

"சும்மா ஒரு சாம்பிள் அங்கிள். உங்கட ஃபோனுக்குப் போட்டிருக்கிறன். கேட்டுப் பாருங்கோ, அந்த மாதிரி வந்திருக்கு."

கேட்டேன். என் மனைவி பவானி இறந்து அப்போது பதினொரு மாதம். அவள் பாடிய பாடலை அதன் பின் நான் கேட்பது அதுவே முதல் முறை. பதிவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தது. சிங்கள அடிகளை ஓர் இளம்பெண் உறுதியாகப் பாடினாள். அவை முடிந்ததும் தமிழ் அடிகள் வரவேண்டும். அந்த இடத்தில் எக்காளம் முழங்கியது. அதன் பின் மறுபடியும் சிங்கள அடிகள், கட்சியின் முழக்கம், கைதட்டல்.

"தமிழ்ப் பகுதி எங்க, தம்பி?"

"அது வெட்டினது அங்கிள். ரேடியோவுக்கு நேரம் காணாது. ரெண்டும் ஒண்டுதானே. சிங்களத்தில சொன்னதைத்தானே தமிழிலயும் சொல்லியிருக்கு."

"நீர் அதைக் கேட்டிருக்கிறீரோ?"

"கேட்டனான் அங்கிள். நல்ல டியூன்."

"டியூனை விடும். சொல்லைக் கேட்டீரோ?"

"சனத்துக்குள்ள நிண்டு கேட்டது அங்கிள். ஒரே சத்தம்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஊறிய பருப்பை இன்னொரு முறை கழுவினேன். அதற்குத் தேவை இருக்கவில்லை.

2

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் நாட்டில் வளர்ந்த எவரும் அந்தத் தவறைச் செய்வார். புகையிரத நிலையத்திலும் வைத்தியசாலையிலும் தபாற்கந்தோரிலும் ஒவ்வொரு பலகையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மும்மொழியில் இருக்கும். நாம் நம்முடைய வரியை மட்டும் வாசிப்போம். மற்ற இரண்டும் அதையே சொல்கின்றன என்று கொள்வோம். நம்முடைய வரி எழுத்துப் பிழையோடு இருந்தால், மேல் வரியைப் பார்த்துத் திருத்திப் புரிந்துகொள்வோம். தமிழ் என்பது மேலே சொல்லப்பட்டதைக் கீழே திரும்பச் சொல்லும் மொழி என்று சிறு வயதிலேயே கண் பழகிவிடுகிறது. துஷ்யந்தனுக்குத் தமிழ் தெரியும்; அது புதிதாக ஏதேனும் சொல்லக்கூடும் என்பதுதான் தோன்றவில்லை.

பாடல் பிறந்தது கொட்டாஞ்சேனையில், எழுபதுகளின் பிற்பகுதியில். வடகொழும்பில் இருந்த நெசவாலை ஒன்று திடீரென்று கதவடைத்தபோது, வேலை இழந்த பெண்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு தொழிற்சங்க மண்டபத்தில் கூடினார்கள். அங்கே ஒரு பாடற்குழு உருவாயிற்று. பவானி அதே பகுதியில் ஒரு பெண்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியை. எனக்கும் அவளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நான் பொறியியல் விரிவுரையாளன். வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துப் போய் மண்டபத்தின் கடைசி வாங்கில் விடைத்தாள் திருத்திக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பேன். திரும்பும்போது ஆர்மோனியத்தைத் தூக்குவது என் பொறுப்பு. அந்த இயக்கத்துக்கு நான் ஆற்றிய பணி அவ்வளவே.

சிங்கள அடிகளை எழுதி மெட்டுப் போட்டவள் சோமலதா. ஆலையில் தறி ஓட்டியவள், எங்களைவிடச் சில வயது மூத்தவள், கொட்டாஞ்சேனைத் தெருக்களில் தமிழ் பழகியவள். அவளுடைய அடிகளின் பொருள் இது: ஆலைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது, என் அடுப்பில் சாம்பல் ஆறிவிட்டது, நான் தெருவுக்கு வந்துவிட்டேன், அயலவளே, நீ எப்போது வருவாய்?

அதைத் தமிழாக்கித் தரும்படி சங்கத்தார் பவானியைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, மாட்டேன் என்றாள்.

"கேள்வி கேட்டிருக்கிறா. நான் திரும்ப அதே கேள்வியைக் கேட்டால் அவவுக்கு என்ன பிரயோசனம்? பதில் சொல்லோணும்."

அவள் எழுதிய பதில் இது:

வருகிறேன் அக்கே, வாசலில் நில்லு
ஆலை பூட்டினாலும் வீதி பூட்டில்லை
நாளை என் கதவை நெருப்பு வந்து தட்டினால்
நீ நிற்கும் இடம் எது, அதையும் சொல்லு

மண்டபத்தில் இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒற்றுமைப் பாட்டில் நிபந்தனை எதற்கு என்று சங்கச் செயலாளர் வினவினார். சோமலதா வலது கையை உயர்த்திப் பிடித்துத் தன் அடிகளை மீண்டும் பாடினாள். பவானி பதிலைத் தொடங்கிய பிறகே கையை இறக்கினாள். தறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே ஆலைக்குள் ஒரு வழக்கம் இருந்தது: உதவி கேட்பவள் கையைத் தூக்குவாள், எதிர்த் தறிக்காரி கண்டுகொண்டு தானும் கை காட்டும் வரை இறக்க மாட்டாள். அந்தக் கை அன்று பாடலுக்குள் வந்துவிட்டது. அதன் பின் எங்கே பாடினாலும் அப்படித்தான் பாடினார்கள்.

3

அந்தப் பாடலின் பாதி சட்டப்படி எனக்கு உரியது. எப்படி என்று சொல்ல வேண்டும்.

நோர்வேயில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச்சென்றவற்றை நீதிமன்ற அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். படிவத்தில் என் பெயருக்கு எதிரே 'எஞ்சி வாழும் துணை' என்ற பொருள்படும் சொல் அச்சிடப்பட்டிருந்தது. இந்த நாட்டுப் படிவங்களில் மிகையான சொல் இராது. அதை நான் எப்போதும் மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு மெச்ச முடியவில்லை.

அலுவலர் இளம்பெண், மரியாதையானவர். வீடு, வங்கிக் கணக்கு, வாகனம் எல்லாம் எழுதிய பின், வேறேதும் உண்டா என்றார். ஒரு பாடல் உண்டு என்றேன். நோர்வேஜிய மொழியில் பாடலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓர் உயிரொலிதான் வேறுபாடு. இந்த நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் என் நாக்கு அந்த இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கும். அவர் தளபாடப் பகுதிக்குப் போய், ஒருவருக்கானதா, இருவருக்கானதா என்று கேட்டார். பாடலைப் பற்றிய நுட்பமான கேள்வி என்று எண்ணி, இருவருக்கானது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த ஆரணிதான் திருத்தினாள். அம்மாவின் பாடலைப் பற்றி ஓர் அந்நியருக்கு விளக்கிச் சொல்லும் அவளுடைய தெளிவான நோர்வேஜிய மொழியை அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தமிழில்கூட அவள் அவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை. அவள் இங்கே பிறந்தவள். தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வாள், தேவைக்குப் பேசுவாள், வாசிக்க மாட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை அனுப்புவதில் நாங்கள் தோற்றோம், கைப்பந்து வென்றது. பவானி அதற்காகக் கவலைப்பட்டதைக் காட்டிக்கொண்டதில்லை. சமைக்கும்போது பாடுவாள், மகள் காதில் விழுகிறதா என்று திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அலுவலர் இறுதியில், 'ஒரு பாடலின் பாதி, தமிழ் வரிகள்' என்று பதிந்து, அதன் பெறுமதி என்ன என்று கேட்டார். விற்கப்பட்டதில்லை என்றேன். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார்.

4

எங்கள் காலத்தில் அரசாங்கங்களுக்குப் பாட்டென்றால் அச்சம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குள் பொலிஸார் வந்து ஆர்மோனியத்தை எடுத்துச் சென்றார்கள். ஆர்மோனியம் திரும்பி வந்தபோது சில கட்டைகள் ஒலிக்கவில்லை. அந்தக் கட்டைகளைத் தவிர்த்துப் பவானி மெட்டைச் சற்று மாற்றினாள். இன்று கட்சிக்காரர்கள் பாடும் மெட்டு, பொலிஸ் கைபட்ட பின் உண்டான மெட்டு. அவர்களுக்கு அது தெரியாது.

எண்பத்துமூன்று ஜூலையில் பாடலின் மூன்றாவது வரி நடந்தேறியது. நான் வெள்ளவத்தையில் அகப்பட்டிருந்தேன். பவானி தாய்வீட்டில், கொட்டாஞ்சேனையில். தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தபடி தெருவில் நுழைந்தவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது, வாசற்படியில் சோமலதா உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினாள் என்று பவானி எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் சொன்னாள். அடுத்த வீடும் எங்களுக்குத் தெரிந்தவர்களின் வீடுதான். ஆகவே இதை ஒரு வெற்றிக் கதையாக அவள் எவருக்கும் சொன்னதில்லை. சில ஆண்டுகளில் நாங்கள் நாட்டைவிட்டு வந்தோம். ஆர்மோனியம் சோமலதாவிடம் தங்கிவிட்டது.

பின்னர் நீண்ட காலம் அந்தப் பாடல் எங்கள் சமையலறையில் மட்டுமே இருந்தது. ஆட்சியை எதிர்த்துக் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்த அந்த ஆண்டில், இளைஞர்கள் அதை எங்கிருந்தோ கண்டெடுத்துப் பாடத் தொடங்கினார்கள். பவானி அப்போதே நோயாளி. ஆரணி தன் கைப்பேசியை அவள் முன் பிடித்தாள். ஒரு சிங்களப் பையன் கையை உயர்த்திக் கேள்வியைப் பாட, கூட்டத்தின் மறுபுறத்திலிருந்து தமிழில் பதில் வந்தது. பாடியவர்கள் யாரென்று திரையில் தெரியவில்லை. பவானி இரண்டு முறை பார்த்துவிட்டு, "தாளம் ஓடுது" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு பாடல் ஆட்சியை மாற்றுமா என்று இங்குள்ள நண்பர்கள் அப்போது விவாதித்தார்கள். நான் கட்டட அமைப்பியல் கற்பித்தவன். எந்தச் சுமையை எந்தத் தூண் தாங்குகிறது என்று பிரித்தறியாமல் பேச எனக்கு வராது. வரிசையில் நின்ற பசியும் இருண்ட வீடுகளும் அந்த ஆட்சியை அசைத்தன. பாடல் செய்தது வேறொன்று: அருகில் நின்றவர் யாரென்று கூட்டத்துக்குக் காட்டியது. ஆட்சியைப் பிடிக்க எண்ணுபவர்களுக்கு அது உதவுகிற அளவுக்குத் தொந்தரவும் தரும். இப்போதெல்லாம் எவரும் பாடலைப் பறிமுதல் செய்வதில்லை. பணிவாகக் கடிதம் எழுதி இரவல் கேட்கிறார்கள். தங்களைக் கேள்வி கேட்கும் அடிகளை வெட்டிவிட்டு, பிறரைக் கேள்வி கேட்கும் அடிகளுக்கு எக்காளம் சேர்க்கிறார்கள். ஆர்மோனியத்தைப் பறித்தவர்கள் பாடலை நம்பினார்கள் என்றே இன்று எனக்குத் தோன்றுகிறது.

5

துஷ்யந்தனுக்குத் தமிழில் பதில் எழுதினேன். கட்சி பாடலைக் கட்டணமின்றிப் பாடலாம், நிபந்தனை ஒன்றுதான்: கேள்வியைப் பாடினால் பதிலையும் பாட வேண்டும். பதிலின் நான்கு வரிகளையும் கீழே எழுதி, இதை ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பாரும் என்று சேர்த்தேன்.

அவர் அழைத்தபோது குரல் மாறியிருந்தது.

"அங்கிள், வாசிச்சனான்."

"ஓம்."

"இது வேற விஷயமெல்லோ."

"அதைத்தான் சொன்னனான்."

"மேலிடத்தில காட்டினனான். நேரம் காணாதெண்டு சொன்னவை இப்ப நேரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. நெருப்பு எண்ட சொல் வேண்டாமாம். பழைய புண்ணாம். வேணுமெண்டால் தமிழில புதுசா நாலு வரி போடுவமாம், சந்தோசமா, எல்லாரும் ஒண்டு எண்ட மாதிரி. ஆளும் பிடிச்சிட்டினம்."

இரண்டும் ஒன்றே என்பதால் வெட்டினார்கள். ஒன்றல்ல என்று தெரிந்த பின், அந்தக் காரணத்துக்காகவே வெட்டுகிறார்கள். கால் நூற்றாண்டு மாணவர்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். பிழையைச் சுட்டியவுடன் அதையே கொள்கையாக மாற்றிக்கொண்டவர்களை அங்கே கண்டதில்லை.

"நீர் என்ன நினைக்கிறீர், தம்பி?"

"நான் நினைக்கிறதை ஆர் கேக்கினம் அங்கிள்? எங்கட ஆக்கள் ரெண்டொரு பேராவது உள்ளுக்குள்ள இருந்தால்தானே ஏதும் செய்யலாம்."

"உள்ளுக்குள்ள இருந்து என்ன செய்தனீர் எண்டு கேக்கேல்லை. இந்த நாலு வரியைப் பற்றிக் கேக்கிறன்."

நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். அப்போது அவர், மிகவும் தயங்கி, மற்றொன்றைச் சொன்னார். சிங்கள அடிகளும் மெட்டும் சோமலதாவுக்கு உரியவை. என் கையெழுத்து அவற்றுக்குத் தேவையில்லை. அவள் இப்போது வசிக்கும் ஹெந்தளைக்குக் கட்சிக்காரர்கள் போய்ச் சந்தித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் அவளே மேடையேறித் தன் அடிகளைப் பாடச் சம்மதித்துவிட்டாள்.

அன்றே அவளை அழைத்தேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. என்னை இன்றும் மல்லி என்றுதான் கூப்பிடுவாள், சிங்களத்தில் தம்பி என்று பொருள்.

"ஓம் மல்லி, போறேன். வண்டி அனுப்புறாங்களாம்."

"பவானியின்ர பகுதி இல்லாமலோ, அக்கே?"

"எனக்குப் பாடத் தெரிஞ்சது என் பகுதி. அதைத்தானே கேக்குறாங்க."

"அவை என்ன செய்யினம் எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"எத்தன கட்சி பார்த்துட்டேன். மூஞ்சியப் பார்த்தாலே விளங்கும்." சிறிது இருமினாள். "நீ சாப்பிட்டியா? உன் குரல் பசிக்கிற குரல் மாதிரி இருக்கு."

சாப்பிட்டேன் என்று சொல்லி, நன்றி கூறி, வைத்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கத்தில் அவளுடன் நான் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அதன் பொருள் அவளுக்கும் தெரிந்திருக்கும். பவானியின் குரல் உலகத்தில் இருந்த கடைசி இடத்தில் எக்காளம் ஒலிக்கப்போகிறது. அதற்கு முன்னால் அவளுடைய தோழியே நின்று பாடப்போகிறாள். தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீதிமன்றம் பதிந்த அரைப் பாடல் இருந்தது, அதுவும் வெட்டப்பட்ட அரை.

6

கூட்டத்தைக் கட்சி நேரடியாக ஒளிபரப்பியது. கொழும்பில் அது மாலை. இங்கே மதியம் கழிந்த நேரம். ஆரணி தன் கைப்பேசியை நீர்க்குவளையில் சாய்த்து மேசையில் வைத்தாள். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை.

பேச்சுகள் முடிந்து, அறிவிப்பாளர் சோமலதாவை மேடைக்கு அழைத்தார். இருவர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஒலிவாங்கியின் முன் வந்ததும் அவர்களுடைய கைகளைத் தட்டிவிட்டாள். குரல் நைந்திருந்தது. ஆனால் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கேள்வியின் கடைசிச் சொல்லில் வலது கை மேலே போயிற்று.

எக்காளம் முழங்கியது. கைதட்டினார்கள். முழக்கம் எழுப்பினார்கள். எல்லாம் ஓய்ந்தது. கை மேலேயே நின்றது.

அறிவிப்பாளர் நன்றி கூறினார். மறுபடியும் நன்றி கூறினார். பிறகு அருகில் வந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் ஒலிவாங்கியிலேயே, சிங்களத்தில், சந்தையில் விலை சொல்லும் குரலில் மறுமொழி சொன்னாள்: "மகனே, நான் கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும், இறங்குகிறேன்."

கூட்டம் சிரித்தது. அறிவிப்பாளரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்லக் குறைந்து இல்லாமற்போயிற்று. முன்வரிசையில் தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது திரையில் தெரிந்தது. அவள் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"அப்பா, அவ ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா?"

"உன்ர அம்மாவை."

திரையில் சோமலதா மறைந்தாள். கட்சித் தலைவரின் படமும் சின்னமும் வந்தன. அவை அசையாமல் நின்றன. ஆரணி கைப்பேசியைக் கையில் எடுத்து வேறெங்கோ தேடினாள், கிடைக்கவில்லை.

"அம்மா என்ன பாடுவா? எனக்கு டியூன் தெரியும். சொல் தெரியாது."

நான்கு வரிகளையும் சொன்னேன். பாடவில்லை, சொன்னேன். அவள் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தி, நெருப்பு என்றால் அந்த ஜூலையா என்று கேட்டாள். அதற்கு முன்பே எழுதியது என்றேன். அவள் கடைசி வரியைத் தனக்குத்தானே மறுபடி சொன்னாள். ரகரங்கள் எல்லாம் நோர்வேஜிய ரகரங்களாக இருந்தன. நான் திருத்தவில்லை.

7

பதில் வந்ததா என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. துஷ்யந்தனிடமிருந்து குறுஞ்செய்தி: "அங்கிள், ரெண்டாம் வரியில சுருதி போயிட்டுது. மன்னிக்கோணும்." அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. மேடைப் பொறுப்பிலிருந்து அவரை அன்றைக்கே நீக்கிவிட்டார்கள் என்று அவருடைய தகப்பன் எழுதினார். மகன் வீட்டில் இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்றும் எழுதியிருந்தார்.

பவானியின் ஆண்டுத் திவசம் அந்த வியாழக்கிழமை. இங்கே ஐயர் கிடைப்பது அரிது. ஆரணியும் நானும் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, சமைத்ததைப் படைத்தோம். காலை பத்து மணியளவில் சோமலதா அழைத்தாள்.

"நீ கோவத்துல இருக்கிறதா நான் நினைச்சேன், மல்லி."

"இருந்தனான், அக்கே."

"நல்லது. கோவம் இருந்தா பசிக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கடிதம் எழுதுவே. நீயும் உன் கடிதமும்." இருமல் வந்து போயிற்று. "நான் அவங்க சொன்னதத்தான் செஞ்சேன். என் பகுதிய மட்டும் பாடினேன். ஒரு சொல் கூட்டிப் பாடல்ல."

"பதில் ஆர் பாடினது?"

"முதல்ல உன் லோயர் தம்பி, மேடைக்குப் பக்கத்துல நின்னு. அனே ஐயோ, கழுதை மாதிரி. பிறகு பின்னால மூணு நாலு பொம்புளைங்க, காலிமுகத்திடல்ல பாடினவங்க போல. மைக்க ஆஃப் பண்ணிட்டாங்க. மைக் எதுக்கு? தறிக்கு முன்னால மைக் வச்சா பேசினோம்?"

"கை நோகேல்லையோ?"

"இன்னைக்கும் நோகுது. எண்ணெய் போட்டிருக்கு." பிறகு சொன்னாள், "அடுத்த கூட்டம் ஜிந்துப்பிட்டியில. கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடாட்டியும் போவேன். அவங்களுக்குப் பாட்டு வேணும்னா முழுசா எடுக்கட்டும்."

என் பாதியைப் பற்றியும் இங்கே பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்சி, சங்கம், மாணவர், எவராயினும் அந்தத் தமிழ் வரிகளைப் பாடலாம். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. என் சம்மதம் இல்லாதது ஒன்றுக்குத்தான்: வெட்டுவதற்கு. வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதை இந்தக் குறிப்பை வாசித்தவர்கள் இனி அறிவார்கள். எக்காளம் எவ்வளவு உரத்து ஒலித்தாலும் அறிவார்கள்.

விடைபெறும் தருணத்தில் சோமலதா, பவானியின் படம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். ஆரணி கைப்பேசியை வாங்கிச் சத்தத்தைக் கூட்டி விளக்கின் அருகே வைத்தாள். ஹெந்தளையிலிருந்து சோமலதா தன் அடிகளைப் பாடினாள், மெல்ல, ஒரு சொல்லும் விடாமல். பாடி முடித்தாள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

திரையில் முகம் இல்லை, குரல் அழைப்புத்தான். இருந்தும், அங்கே எண்ணெய் தடவிய ஒரு கை மேலே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பிறர் கேட்கப் பாடியவன் அல்லன். ஆர்மோனியம் தூக்கியவன். ஆரணி என்னைப் பார்த்தாள். அந்த வயதில் ஒருவரை அவ்வளவு நேரம் கை தூக்கி நிற்க விடுவது முறையாகாது.

"வருகிறேன் அக்கே" என்று தொடங்கினேன்.